வாங்குபவர் யார் என்று தெரிந்தால் இதழ் பிழைக்கும்: விற்பனை சரியும் தமிழ் அச்சு இதழுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1941 இல் தொடங்கிய ‘கல்கி’ இதழ் 2020 ஏப்ரலில், ஊரடங்குக் காலத்தில், அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. அவ்வளவு பெயரும் தலைமுறை தலைமுறையாக வாசகர்களும் உள்ள இதழுக்கே அந்த நிலை என்றால், மாதம் ஐயாயிரம், எட்டாயிரம் பிரதி அடிக்கிற ஒரு பதிப்பாளர் என்ன செய்ய முடியும்?

சிவகாசியில் இதற்கு வேறொரு பதில் இருக்கிறது. முத்து காமிக்ஸ் 1972 இல் தொடங்கியது, லயன் காமிக்ஸ் 1984 இல். மலிவுத் தாளில் அச்சாகிக் கடைகளில் தொங்கிய படக்கதைகள் அவை. 2012 இல் அவற்றை வெளியிடும் பதிப்பகம் பாதையை மாற்றியது: நல்ல தாள், முழு வண்ணம், பல மடங்கு கூடிய விலை, சந்தா, முன்பதிவு. ஒவ்வொரு இதழையும் யார் வாங்கப் போகிறார்கள் என்பது பெருமளவுக்கு அச்சுக்குப் போகும் முன்பே தெரிந்துவிடுகிறது. படக்கதையை அடுக்கிச் சேர்த்துவைக்கும் ஆசை வேறு; எல்லா இதழுக்கும் அந்த வழி அப்படியே பொருந்தாது. ஆனால் அதன் அடிப்படை பொருந்தும்.

பிரதி குறைவதால் மட்டும் ஓர் இதழ் சாவதில்லை. யார் விட்டுப் போகிறார்கள், யார் இன்னும் இருக்கிறார்கள் என்று தெரியாமல் குறையும்போதுதான் சாகிறது. கடையில் வாங்குகிறவரின் பெயர் கடைக்காரருக்கும் தெரியாது, ஏஜென்ட்டுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்வதற்கோ, தெரிந்தவரிடம் நேர்மையாக வியாபாரம் செய்வதற்கோதான். மூவாயிரம் முதல் இருபதாயிரம் பிரதி வரை அடிக்கும் மாத இதழ், மாதமிருமுறை இதழ் நடத்துபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: கடைப் பிரதியையும் சந்தாப் பிரதியையும் தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள்

பெரும்பாலான சிறு பதிப்பகங்களில் வரவு செலவு ஒரே நோட்டில் இருக்கும். அச்சுக் கூலி, காகிதம், சம்பளம் எல்லாம் ஒரு பக்கம். ஏஜென்ட் பணம், சந்தா, விளம்பரம் எல்லாம் இன்னொரு பக்கம். எது சம்பாதிக்கிறது, எது தின்கிறது என்று அதில் தெரியாது.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். இதழின் விலை 30 ரூபாய். அச்சடிப்பது 8,000. அதில் 2,000 சந்தாவுக்கு, 6,000 கடைகளுக்கு. ஏஜென்ட் கமிஷன் 35 சதவீதம், விற்காமல் திரும்பி வரும் ரிட்டர்ன் 40 சதவீதம், அச்சுச் செலவு பிரதிக்கு 14 ரூபாய், பார்சல் செலவு பிரதிக்கு ஒன்றரை ரூபாய்.

கடைக்குப் போன 6,000 இல் விற்றது 3,600. கமிஷன் போகக் கிடைப்பது பிரதிக்கு 19.50, ஆக 70,200 ரூபாய். ஆனால் அந்த ஆறாயிரத்தையும் அச்சடித்து அனுப்ப ஆன செலவு 93,000. மாதம் 22,800 ரூபாய் நட்டம். எழுத்தாளர் சன்மானம், சம்பளம், வாடகை எதையும் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. சந்தாவைப் பாருங்கள். ஆண்டுக்கு 300 ரூபாய் என்றால் இதழுக்கு 25. அச்சு 14, ரேப்பரும் தபாலும் 3. மிச்சம் 8 ரூபாய், இரண்டாயிரம் பேருக்கு 16,000. ஆக, சந்தாதாரர்கள் கட்டுகிற பணம் எடைக்குப் போகும் பிரதிகளுக்குச் செலவாகிக்கொண்டிருக்கிறது.

இப்போது மாற்றிப் பார்ப்போம். விலையை 50 ஆக்கி, நன்றாக விற்கும் கடைகளுக்கு மட்டும் 1,500 பிரதி அனுப்புகிறோம்; ரிட்டர்ன் 15 சதவீதம். ஆண்டுச் சந்தா 500. அதனால் நானூறு பேர் விலகி 1,600 பேர் மிஞ்சுகிறார்கள். பிரதி குறைந்தால் பிளேட், மிஷின் ஓட்டும் கூலி ஆகியவற்றின் பங்கு கூடும். அதனால் பிரதிக்கு 14 ஆக இருந்த அச்சுச் செலவை 19 என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் கடை விற்பனையில் பத்தாயிரத்துச் சொச்சம், சந்தாவில் முப்பத்தோராயிரத்துச் சொச்சம் மிஞ்சுகிறது. முன்பு, கடை நட்டம் 22,800 இல் சந்தாவின் 16,000 போக, மாதம் 6,800 ரூபாய் பள்ளம். இப்போது 42,000 ரூபாய் கையில். அச்சடித்தது பாதிக்கும் குறைவு.

இதில் ஓர் உண்மையான இழப்பும் இருக்கிறது. கடையில் வாங்கிய இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கைவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் கடைப் பிரதியை வெட்டுவதற்கு முன் அடுத்த படியைச் செய்ய வேண்டும். வரிசையை மாற்றினால் வாசகர்களை நாமே விரட்டியதாகிவிடும்.

வரிக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இதழ்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விற்பனைக்கு வரி இல்லாததால், காகிதத்துக்கும் மற்றவற்றுக்கும் நீங்கள் கட்டும் வரியைத் திரும்பப் பெற முடியாது, அது செலவில் சேர்ந்துவிடும். அச்சு விளம்பரத்துக்கு 5 சதவீத வரி உண்டு. அந்த வருமானத்தின் விகிதத்துக்கு மட்டும், காகிதம் போன்றவற்றுக்குக் கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) திரும்ப எடுக்கலாம். ஆடிட்டரோடு உட்கார்ந்து இதை ஒருமுறையாவது தெளிவாகப் போட்டுப் பாருங்கள்.

படி 2: வாசகர் பட்டியலை உருவாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு எக்செல் தாள் போதும். பெயர், முகவரி, பின்கோடு, கைபேசி எண், எந்த ஆண்டு சேர்ந்தார், எந்த மாதம் சந்தா முடிகிறது, எப்படிப் பணம் கட்டினார், வேறு என்ன வாங்கினார். பழைய சந்தா ரசீதுப் புத்தகங்கள், மணியார்டர் அடிக்கட்டைகள், புத்தகக் காட்சியில் எழுதி வாங்கிய நோட்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து ஏற்றுங்கள். விலகிப்போனவர்களையும் சேர்த்து ஏற்றுங்கள். ஒருகாலத்தில் பணம் கட்டி வாங்கியவர், புதிய ஒருவரைவிட எளிதாகத் திரும்புவார்.

கடையில் வாங்குகிறவரின் பெயரை எப்படிப் பெறுவது? தமிழ் இதழ்களிடம் இதற்கு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது: போட்டி. குறுக்கெழுத்து, சிறுகதைப் போட்டி, சமையல் குறிப்பு, கோலம், ‘வாசகர் கேள்வி’. முன்பு இவற்றுக்கு அஞ்சலட்டை மூட்டை மூட்டையாக வந்தது. பெயரும் முகவரியும் எழுதிய அந்த அட்டைகள்தான் வாசகர் பட்டியல். பரிசு கொடுத்ததும் எறிந்துவிட்டோம். இப்போது விடையை இதழின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொல்லுங்கள், பெயரும் ஊரும் பின்கோடும் சேர்த்து. ஒவ்வொரு இதழிலும் இரண்டு இடத்திலாவது அந்த எண் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பதில் அனுப்பிய எல்லோருக்கும், பரிசு விழாவிட்டாலும், உங்கள் பழைய இதழ் ஒன்றிலிருந்து நல்ல சிறுகதை ஒன்றைப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அந்தக் கதையை அனுப்பும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்பதை நான்காம் படியில் பார்ப்போம்.

எண்ணை வாங்கும்போதே, இதழ் பற்றிய செய்திகள் அனுப்பலாமா என்று கேட்டுச் சம்மதம் பெறுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023 இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அந்தப் பட்டியலை யாருக்கும் விற்காதீர்கள். ஒருமுறை விற்றால் போதும், வாசகர் உங்கள் எண்ணையே தடுத்துவிடுவார்.

அப்புறம், பேசுங்கள். பட்டியலிலிருந்து ஐம்பது பேரைத் தேர்ந்தெடுத்து ஆசிரியரே தொலைபேசியில் அழைக்க வேண்டும். விற்பனைப் பிரிவிடம் தள்ளிவிடக் கூடாது. “ஐயா வணக்கம், இதழ் ஆசிரியர் பேசுகிறேன். இதழ் கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைத் திறக்கிறீர்கள்?” என்று தொடங்கினால் போதும். எதைப் படிக்காமலே தாண்டிப் போகிறார், வீட்டில் வேறு யார் படிக்கிறார்கள், இதழ் நின்றுவிட்டால் எது இல்லாமல் போகும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அறுபது, எழுபது வயதுக்காரர் பலரும் எழுத்துச் சிறியதாக இருக்கிறது என்பார்கள். அப்படியானால் பக்கத்தைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள். விலை கூட்டுவதற்கு வாசகர் மனமார ஒப்பும் காரணம் அதைவிட வேறில்லை.

சந்தா முடியும் மாதத்தை ரேப்பரில், முகவரிக்கு மேலே அச்சிடுங்கள். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு கடிதம், ஒரு மாதம் முன்பு வாட்ஸ்அப் செய்தி, முடிந்த வாரத்தில் ஒரு அழைப்பு. புதிய சந்தாதாரரைப் பிடிக்கச் செலவிடும் பணத்தில் பாதியைப் புதுப்பித்தலுக்குச் செலவிட்டாலே பலன் தெரியும். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் சந்தா கட்டும்படி ஒரு படிவம் வையுங்கள். வெளிநாட்டுக்கு அச்சு இதழ் அனுப்பும் தபால் செலவு கட்டுப்படியாகாது. ஆனால் சிங்கப்பூரிலிருந்து மகள் கட்டும் பணத்தில் இதழ் காரைக்குடிக்குப் போகலாம்.

ஆயுள் சந்தாவைப் பற்றி நேராகப் பேச வேண்டும். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்க இதழ் தருவதாகச் சொன்ன பதிப்பகங்கள் நிறைய. அந்தப் பணம் எப்போதோ செலவாகிவிட்டது, கடமை நிற்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் அனுப்புவதை நிறுத்துவது தவறு, அதைச் செய்யாதீர்கள். நிலைமையை விளக்கி ஆசிரியர் கையெழுத்தோடு கடிதம் எழுதுங்கள். டிஜிட்டல் பதிப்பு வாழ்நாள் முழுக்க இலவசம், அச்சுப் பிரதி வேண்டுமென்றால் ஆண்டுக்கு அச்சு, தபால் செலவை மட்டும் தர முடியுமா என்று கேளுங்கள். உங்கள் இதழை அவ்வளவு நம்பியவர்கள் அவர்கள். பலர் முழுச் சந்தாவே கட்டிவிடுவார்கள். மறுப்பவர்களுக்குத் தொடர்ந்து அனுப்புங்கள். இனிமேல் ஆயுள் சந்தா மட்டும் வாங்காதீர்கள்.

ஆண்டுச் சந்தாவும் ஒருவகையில் கடன்தான். ஜனவரியில் வாங்கிய 500 ரூபாயில் அந்த மாதம் உங்களுடையது நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு ரூபாய். மீதியைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து மாதாமாதம் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதக் கடைப் பாக்கியைச் சந்தாப் பணத்தில் அடைக்கத் தொடங்கும் பதிப்பாளர், அடுத்த ஆண்டின் இதழ்களை இப்போதே விற்றுத் தின்கிறார்.

படி 3: விலை, கால இடைவெளி, தபால் மூன்றையும் சேர்த்து முடிவெடுங்கள்

செலவைக் குறைக்க முதலில் தோன்றும் யோசனை, மாத இதழை இருமாத இதழாகவோ காலாண்டிதழாகவோ ஆக்குவது. அவசரப்படாதீர்கள். பதிவுபெற்ற இதழ்களுக்கு அஞ்சல் துறை தரும் சலுகைக் கட்டணத்தில் ஒரு மெல்லிய இதழ் ஒரு ரூபாய்க்கும் கீழான செலவில் ஊர் போய்ச் சேர்கிறது. அந்தச் சலுகைக்கு, இதழுக்கும் இதழுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது என்பது நெடுங்கால நிபந்தனை. இருமாத இதழானால் சலுகை போய்விடும்; அச்சில் மிச்சம் பிடித்தது தபாலில் போகும். 2023 ஆம் ஆண்டின் புதிய அஞ்சலகச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்திருப்பதால், உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளையும் புதுப்பிக்கும் தேதியையும் அஞ்சல் கோட்ட அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே மாதமிருமுறை வருவதை மாத இதழாக்கலாம், தவறில்லை. மாத இதழைக் காலாண்டிதழாக்குவதென்றால், அது 200 பக்கம், தைத்த பைண்டிங், 300 ரூபாய்க்கு மேல் விலை என்று புத்தகம் மாதிரி வைத்துக்கொள்ளும் பொருளாக வர வேண்டும். அனுப்பும் செலவை விலையிலேயே சேர்க்க வேண்டும். அரைகுறையாக, அதே 64 பக்கத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்டால் வாசகர் மறந்துவிடுவார். அமெரிக்காவின் ‘நியூஸ்வீக்’ 2012 இறுதியில் அச்சை நிறுத்தி, 2014 இல் கூடிய விலையில், சந்தாவையே பெரிதும் நம்பி மறுபடி அச்சுக்கு வந்தது. அந்த வழியில் வருவதானால் விலைக்கேற்ற பொருள் கையில் இருக்க வேண்டும்.

கால இடைவெளியை மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும். 1867 ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2023 இல் நிறைவேறிய இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரிகைப் பதிவாளர் அலுவலக வேலைகள் எல்லாம் ‘பிரஸ் சேவா’ இணையதளம் வழியாகத்தான். ஆண்டறிக்கையை விடாமல் தாக்கல் செய்யுங்கள். நீண்ட நாள் இதழ் வராமல் நின்றால் பதிவே ரத்தாகலாம்; தலைப்பு உங்களிடமிருந்து போய்விட்டால் மீட்பது கஷ்டம்.

விலையை ஒரேயடியாகக் கூட்டுங்கள். இரண்டு இரண்டு ரூபாயாக நான்கு முறை கூட்டினால் நான்கு முறை எரிச்சல். கூட்டும் இதழின் முதல் பக்கத்தில் ஆசிரியர் கணக்கை விளக்கட்டும்: காகிதம் இவ்வளவு, அச்சு இவ்வளவு, எழுத்தாளருக்கு இவ்வளவு. 2019 இல் அச்சுத் தாள் இறக்குமதிக்குப் பத்து சதவீதச் சுங்கம் போட்டு, அடுத்த ஆண்டு ஐந்தாகக் குறைத்தார்கள். காகித விலை பதிப்பாளர் கையில் இல்லை என்பது வாசகருக்குச் சொன்னால்தான் தெரியும்.

படி 4: பழைய இதழ்களின் உரிமை யாருடையது என்று பாருங்கள்

முப்பது ஆண்டு இதழ்கள் அலமாரியில் இருக்கின்றன, அவற்றை வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அலமாரியில் இருப்பது தாள். உரிமை வேறு இடத்தில் இருக்கலாம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில்தான் தொடராக வந்தது. அதை எழுதிய எழுத்தாளர் கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியதால் அந்த நாவலை இன்று எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம், பலர் அச்சிடுகிறார்கள். ஓர் இதழ் வளர்த்த செல்வம் அந்த இதழுக்கே தனிச் சொத்தாக நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் உங்கள் ஊழியர் இதழுக்காக எழுதியதை இதழில் வெளியிடும் உரிமை உங்களுடையது. அதைத் தாண்டிய உரிமைகள், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எழுதியவருடையவை. வெளியிலிருந்து எழுதிய எழுத்தாளரின் கதைக்கு நீங்கள் கொடுத்த சன்மானம் உரிமையை உங்களுக்கு மாற்றாது; எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, நிலப்பகுதி குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு.

எனவே பழைய இதழ்களை மூன்றாகப் பிரியுங்கள். ஊழியர் எழுதியவை, வெளியார் எழுதி உரிமை தெளிவில்லாதவை, உரிமைக் காலம் முடிந்தவை அல்லது நாட்டுடைமையானவை. இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருக்கும், மதிப்பும் அதில்தான். ஒவ்வொரு எழுத்தாளரையும், வாரிசையும் தேடிப் பிடித்து எழுதிக் கேளுங்கள். மின்னூல், ஒலிநூல், தொகுப்பு நூல், மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, கிடைக்கும் பணத்தில் பங்கு தருவதாக ஒப்பந்தம் போடுங்கள். இந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஒரு நல்ல சிறுகதை ஆசிரியரின் மகன் “அப்பா எழுதினது மறுபடி வருதா? தாராளமாப் போடுங்க” என்று சொல்லும் சந்தர்ப்பம் இதில்தான் வாய்க்கும். இனி எழுதுபவர்களுக்கு ஒரு பக்க ஒப்பந்தத்தை இப்போதே அச்சடித்து வைத்துவிடுங்கள். சன்மானத்தை நேரத்துக்குக் கொடுங்கள். சிறு தொகையானாலும் சரி, தாமதம் ஆனால் நல்ல எழுத்து வேறு இடத்துக்குப் போய்விடும்.

தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று. 2010க்கு முன் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்த கோப்புகள், இன்றைய பொதுக் குறியேற்றமான ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்காது. ஸ்ரீலிபி, டேம், டேப் போன்ற பழைய குறியேற்றங்களில் இருக்கும். திறந்தால் குப்பையாகத் தெரியும்; அழித்துவிடாதீர்கள். எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தவர் உங்கள் பழைய டிடிபி ஊழியராகத்தான் இருப்பார். அவர் இருக்கும்போதே பட்டியல் போட்டுவிடுங்கள். கோப்பே இல்லாத இதழ்களை ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளில் போடலாம். தமிழுக்கு இப்போது ஓரளவு நன்றாகவே வருகிறது. மெய்ப்புப் பார்க்காமல் மட்டும் வெளியிட வேண்டாம். உங்களிடமே பழைய இதழ் இல்லையென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

படி 5: புத்தகமும் மலரும்

1988 இல் சுந்தர ராமசாமி தொடங்கிய ‘காலச்சுவடு’ பின்னாளில் பதிப்பகமாகவும் வளர்ந்தது. 2003 இல் தொடங்கிய ‘உயிர்மை’யும் இதழும் பதிப்பகமுமாக இயங்கியது. இதழ் எழுத்தாளரைக் கண்டுபிடிக்கிறது, வாசகரோடு பழக்கப்படுத்துகிறது. புத்தகம் அந்தப் பழக்கத்தைப் பல ஆண்டு விற்கும் பொருளாக்குகிறது. புத்தகம் ரிட்டர்ன் வந்தால் அடுத்த ஜனவரிக்கும் விற்கலாம், பழைய இதழ் எடைக்குத்தான் போகும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே ஒவ்வொரு மாத இதழ்க்காரரும் ஆண்டுக்கு ஆறு புத்தகமாவது போட வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரே தொடர், ஒரே பகுதி என்று தொகுங்கள். சமையல் இதழானால் மாவட்டவாரிச் சமையல். ஆன்மிக இதழானால் ஒரு வட்டாரத்துக் கோயில்கள். விவசாய இதழானால் ஒரு பயிர். முதலில் டிஜிட்டல் அச்சில் 100 அல்லது 200 பிரதி மட்டும் போடுங்கள். வாசகர் பட்டியலுக்கு முன்பதிவு அறிவித்து, வந்த எண்ணிக்கையைப் பார்த்து மறு அச்சு. 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியும், ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவும், இப்போது மாவட்டந்தோறும் நடப்பவையும் விற்பனைக்கு மட்டுமல்ல; பட்டியலில் சேர்க்கும் பெயர்களுக்கும் அவைதான் இடம். கடை வாடகை கட்டுப்படியாகாவிட்டால் நண்பர் பதிப்பகத்தோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

புத்தகம் அனுப்புவதிலும் மாற்றம் வந்திருக்கிறது. பதிவு நூல் அஞ்சல் சேவை 2024 டிசம்பரில் நின்றது. 2025 மே முதல் நூல்களுக்கென்று ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கிறது. அது பருவ இதழ்களுக்குக் கிடையாது, ஆகவே இதழையும் புத்தகத்தையும் ஒரே கட்டாக அனுப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

தீபாவளி மலர் இன்னும் உயிரோடு இருக்கும் மரபு. ஆண்டு முழுக்க இதழ் வாங்காதவரும் மலர் வாங்குகிறார், பரிசாகக் கொடுக்கிறார். ஜூலையிலேயே முன்பதிவு தொடங்கி, முன்பதிவு செய்பவரின் பெயரைப் பட்டியலில் ஏற்றுங்கள். உங்கள் இதழ் சிறிது என்றால் பெரிய மலர்களோடு போட்டி போட வேண்டாம். ஒரே பொருளில் ஆழமான மலர் போடுங்கள்.

படி 6: டிஜிட்டல்

இது பெரிதாகப் பேசப்படும் பகுதி. எனக்கு இதில் சொல்லக் குறைவாகவே இருக்கிறது. அச்சில் விற்காத இதழ், பிடிஎஃப் ஆனதும் விற்பதில்லை. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவருக்கு வசதியாகவும், வெளிநாட்டு வாசகருக்கு ஒரே வழியாகவும் டிஜிட்டல் பதிப்பு இருக்கட்டும்.

அடுத்தவர் தளத்தை மட்டும் நம்பாதீர்கள். அமேசான் 2016 இறுதியில் கிண்டிலில் தமிழைச் சேர்த்தது. தமிழ் மின்னூல்களுக்கு அது நல்ல வாசல். அதே நிறுவனம் 2023 இல் கிண்டிலில் இதழ்ச் சந்தாக்களையே நிறுத்தியது. சொந்த இணையதளமும் முடங்கலாம்: 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக ‘விகடன்’ இணையதளமே முடக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் போய் மார்ச்சில்தான், அந்தச் சித்திரத்தை நீக்கிவைக்கும் நிபந்தனையோடு, திறக்கவேண்டி வந்தது. மின்னஞ்சல், கைபேசி எண், தபால் முகவரி மூன்றும் உங்கள் கையில் இருந்தால் எது மூடினாலும் வாசகரை எட்டலாம்.

பணம் வாங்க, வாசகர் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகவே பணம் வரும் யுபிஐ தானியங்கிப் பற்று வசதியைச் சேருங்கள். மாதம் 49 ரூபாய் என்பது ஆண்டுக்கு 588 என்பதைவிட இளைய வாசகருக்கு எளிது. 15,000 ரூபாய் வரையிலான தொடர் பற்றுக்கு ஒவ்வொரு முறையும் வாசகர் யுபிஐ பின் எண்ணைப் போடத் தேவையில்லை. ஆனால் டிஜிட்டல் சந்தாவுக்கு அச்சு இதழைப் போல வரிவிலக்கு இல்லை என்பதை விலை வைக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

ஒலி வடிவத்துக்கு இடம் இருக்கிறது. சிறிய எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் மூத்த வாசகருக்கு வாரம் ஒரு கதை, நல்ல குரலில், வாட்ஸ்அப் வழியாக. சந்தாதாரருக்கு மட்டும். செலவு குறைவு, புதுப்பிக்கும்போது அவர் அதைத்தான் நினைப்பார்.

படி 7: விளம்பரம், நூலகம்

பிரதி குறைந்தால் விளம்பரம் குறையும். மறைக்காமல் உண்மை எண்ணிக்கையைச் சொல்லுங்கள். “எட்டாயிரம் அடிக்கிறோம்” என்பதைவிட “எங்களிடம் 1,600 விவசாயக் குடும்பங்களின் முகவரி இருக்கிறது, இந்த இந்த மாவட்டத்தில்” என்பது சொட்டுநீர்க் கருவி விற்பவருக்குப் பயன்படும் தகவல். அரசு விளம்பரத்தை ஆண்டுத் திட்டத்தில் வருமானமாக எழுதாதீர்கள், வந்தால் உபரி.

தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன, நூலக வரியும் வசூலாகிறது. அந்த நூலகங்களுக்கு இதழ் வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் வாசகர் பரப்பு கூடும், அதற்காக விண்ணப்பிக்கத்தான் வேண்டும். பணம் வரும் நாளை மட்டும் நம்பிக் காகிதம் வாங்க வேண்டாம்.

படி 8: பதினெட்டு மாதக் கால அட்டவணை, நிறுத்தும் கோடு

முதல் மூன்று மாதம் கணக்கும் பட்டியலும். ஆறாம் மாதத்துக்குள் ஐம்பது அழைப்புகளும் போட்டிகளும். அதற்குப் பிறகு விலை உயர்வும் கடைப் பிரதி வெட்டும், மிக மோசமான ரிட்டர்ன் உள்ள ஊர்களிலிருந்து தொடங்கி. ஒவ்வோர் ஏஜென்ட்டிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது, டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கப் பணம் ஒதுக்கி வையுங்கள். ஓராண்டுக்குள் முதல் இரண்டு தொகுப்பு நூல்கள். ஆட்குறைப்பு தவிர்க்க முடியாததானால், மெய்ப்புப் பார்ப்பவரையும் சந்தாப் பிரிவில் தொலைபேசி எடுப்பவரையும் கடைசி வரை வைத்திருங்கள். இந்தப் படிகள் எல்லாம் அவர்கள் இருவர் தலையில்தான் நடக்கும்.

தொடங்கும்போதே ஒரு கோட்டை எழுதி வைத்துவிடுங்கள். நேரடிச் சந்தா எத்தனைக்குக் கீழே போனால், தனிக் கணக்கில் இருக்கும் சந்தாப் பணம் எத்தனை மாத இதழுக்குக் குறைந்தால், அச்சை நிறுத்துவோம் என்று. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து இதழ் நடத்தியவர்களின் வரலாறு தமிழில் போதுமான அளவு இருக்கிறது. அந்தப் பாசத்தை மதிக்கிறேன், அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கோட்டைத் தொட்டுவிட்டால் இந்த வரிசையில் முடியுங்கள். முதலில் ஊழியர் சம்பளமும் பணிக்கொடையும். அடுத்து எழுத்தாளர் சன்மானப் பாக்கி. அதற்கடுத்து மிச்சமிருக்கும் மாதங்களுக்குச் சந்தாப் பணம் திருப்பித் தருவது; பணத்துக்குப் பதில் புத்தகம் போதும் என்பவருக்குப் புத்தகம். பிறகு அச்சகம், காகிதக் கடை. தலைப்பை வேறொருவர் எடுத்து நடத்த முன்வந்தால், பட்டியலில் உள்ளவர்களிடம் சம்மதம் கேட்ட பிறகே அவர்கள் விவரத்தைக் கொடுங்கள். இதழ்களின் முழுத் தொகுதி ஒன்றை ஆய்வு நூலகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு பிரஸ் சேவா தளத்தில் நிறுத்த அறிவிப்பைத் தாக்கல் செய்யுங்கள்.